பெட்போர்டுச் சிறையும் பன்யனின் அச்சமும்

ஆங்கில இலக்கிய வரலாற்றில் ஓரளவு பயிற்சியுடையோர் ஜான் பன்யன் என்னும் பெயரை அறிந்திருப்பர். தமிழாசிரியர்களுக்கு அப்பெயர் வேறொரு வழியாகவும் அறிமுகமானதே. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்துக்கு மூலநூல் செய்தவர் பன்யன் என்று இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரி காணப்படும். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் அவ்வரியை மனனம் செய்துகொண்டு அப்பால் சென்றுவிடுவர். அவர் 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார் என்பதும், இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம் என்பதும் அடுத்த வரியில் வரும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது கற்பாறை போன்ற ஒரு வீரரின் உருவம் நம் மனத்தில் எழுகின்றது.

பன்யன் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தவற்றோடு அவ்வுருவம் ஒத்துவராது. சிறையிலிருந்தபடியே 1666-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தன்வரலாறு ஒன்று உண்டு. பாவிகளில் தலையாய பாவிக்குப் பெருகிய அருள் என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அந்நூலில் வீரம் குறைவு; அச்சமே மிகுதி. தாம் எந்தெந்த நாளில் எதெதற்கு அஞ்சினோம் என்பதை ஒரு கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவதுபோல் அவர் எழுதிச் செல்கின்றார். பலவீனமுற்ற காலத்தில் இறைவனைச் சார்ந்து நிற்றல் என்று கிறிஸ்தவ சமயத்தார் பேசுகின்றார்களே, அக்கருத்து ஓர் ஏழை மனிதரின் நெஞ்சில் எவ்வாறு இயங்கிற்று என்று அறிய விரும்புவோர்க்கு இந்நூலைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

அக்கருத்தின் வேர் கிறிஸ்தவ மறையிலேயே இருக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுல் என்னும் திருத்தூதர் கொரிந்து நகரத்துச் சபையாருக்கு மடல்கள் எழுதினார். அந்நகரில் அவரை இழித்துப் பேசுவோர் இருந்தனர். மடல்கள் கனமானவை, ஆனால் ஆள் நேரில் வந்தால் பலவீனன், பேச்சும் எடுபடாது என்பது அவர்கள் கூற்று. அதற்கு மறுமொழியாகப் பவுல் தம் வலிமையை எடுத்துக்காட்டவில்லை. தம் உடலில் ஒரு முள் இருப்பதாகவும், அதை எடுத்துவிடுமாறு இறைவனை மும்முறை வேண்டியதாகவும், வேண்டுதல் நிறைவேறவில்லை என்றும் எழுதினார். அருள் போதும் என்னும் விடை மட்டுமே கிடைத்ததாம். இறைவனது வல்லமை மனிதனுடைய பலவீனத்தில்தான் முழுமை பெறும் என்பதும் அவ்விடையின் பகுதி. அந்த முள் யாது என்று பவுல் கூறவில்லை. கண்ணோய் என்பாரும், வலிப்பு என்பாரும், பகைவர் தொல்லை என்பாருமாக உரைகாரர்கள் இன்றளவும் வேறுபடுகின்றனர். முள் எடுக்கப்படவில்லை என்பதே ஈண்டு நாம் கருதவேண்டுவது. பிற்காலத்தில் இப்பகுதியைப் பலர் மேற்கோள் காட்டினர். பன்யனோ அதனுள் அகப்பட்டுக்கொண்டு பல வாரங்கள் தவித்தார்.

பன்யன் 1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெட்போர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. மகனும் அத்தொழிலையே செய்தார். எழுதப் படிக்கக் கற்கும் அளவுக்குப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கற்றதில் பெரும்பகுதியை விரைவில் மறந்துவிட்டதாக அவரே கூறுகின்றார். 1644-இல், பதினாறு வயது நிரம்புமுன், தாயை இழந்தார். அடுத்த மாதமே தங்கையும் இறந்தாள். அதற்கடுத்த மாதம் தந்தை மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் பன்யன் பாராளுமன்றப் படையில் சேர்ந்துவிட்டார். ஒரு முற்றுகைக்குச் செல்ல அவர் பெயர் குறிக்கப்பட்டிருந்தபோது, வேறொரு வீரன் தான் போவதாகக் கேட்டுச் சென்றான். காவலில் நின்ற இடத்தில் தலையில் குண்டு பாய்ந்து மாண்டான். இதனைப் பன்யன் ஓரிரு வாக்கியங்களில் சொல்லி நிறுத்திவிடுகின்றார். எனினும் தம் உயிர் இன்னொருவன் உயிருக்குப் பதிலாகக் கிடைத்தது என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை என்றே படிப்பவர்க்குத் தோன்றும்.

ஏறத்தாழ 1649-இல் மணம் நடந்தது. கணவன் மனைவி இருவருக்குமாக ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லாத வறுமை. மனைவி கொண்டுவந்த சீர் இரண்டு பக்தி நூல்களே. 1650-இல் முதற்குழந்தை மேரி பிறந்தாள். அவளுக்குக் கண்பார்வை இல்லை.

இக்காலத்தில்தான் பன்யனின் மனத்துன்பம் தொடங்கிற்று. ஊர்க் கோயிலில் மணியடிப்பது அவருக்குப் பெருவிருப்பமான பொழுதுபோக்கு. அது வீண்செயல் என்று மனச்சான்று உறுத்தவே அதை விட்டார். ஆயினும் பிறர் அடிப்பதைப் பார்க்கச் செல்வார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்செய்வது என்று எண்ணி உத்திரத்தின் கீழே நின்றார். மணி சுவரில் மோதித் திரும்பி வந்து தாக்கினால்? வாயிற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே இடிந்து விழுந்தால்? ஓடிவிட்டார். சிரிப்புக்கு இடமான செய்திதான். ஆனால் இதே மனம் பின்னர் மணியையும் கோபுரத்தையும் விட்டுவிட்டு, கடவுள் தன்னைக் கைவிட்டால் என்ற வினாவைப் பற்றிக்கொண்டபோது அங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒருநாள் பெட்போர்டுத் தெருவொன்றில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாயிற்படியில் வெயிலில் அமர்ந்து கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அவர்கள் பேச்சில் இருந்த மகிழ்ச்சி தமக்கு விளங்காத வேற்றுலகத்ததாகப் பட்டது. அப்பெண்கள் ஜான் கிப்போர்டு என்பவர் நடத்திவந்த சிறு சபையைச் சேர்ந்தவர்கள். கிப்போர்டு முன்பு அரசர் பக்கம் நின்று போரிட்டவர். பன்யனோ எதிர்ப்படையில் இருந்தவர். இருவரும் ஒரே சபையில் ஆசிரியரும் மாணவருமாக அமைந்தது வரலாற்றின் விளையாட்டு எனலாம்.

சபையில் சேர்ந்ததோடு துன்பம் தீர்ந்ததா? வளர்ந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு குரல் உண்ணும்போதும் உறங்கும்போதும் அவர் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. மாட்டேன் மாட்டேன் என்று நாளெல்லாம் மறுத்து, ஒருநாள் காலையில் களைத்துப்போய், அவர் விரும்பினால் போகட்டும் என்னும் எண்ணம் ஒருகணம் நெஞ்சில் தோன்றிவிட்டது. அவ்வளவுதான். ஒருவேளை உணவுக்காகத் தலைமகன் உரிமையை விற்றுப் பின் கண்ணீர்விட்டும் திரும்பப் பெறாத ஏசா என்பவனின் கதை பழைய ஏற்பாட்டில் உண்டு. அந்த ஏசா தாமே என்று பன்யன் முடிவு செய்துகொண்டார். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் அம்முடிவு அவரை வாட்டியது.

இதனை நோய் என்று கூறுவோர் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் பன்யனை நலிந்த ஆன்மாவுக்கு எடுத்துக்காட்டாக ஆராய்கின்றார். விடாது திரும்பத் திரும்ப வந்து வருத்தும் எண்ணங்களை இன்றைய மருத்துவம் ஒரு நோயாகவே கருதுகின்றது. அதனை மறுக்க எனக்கு வழியில்லை. மறுக்கவேண்டிய தேவையும் இல்லை. நோயாயின் அதுவும் பலவீனமே. பவுலின் முள்ளும் நோயாக இருந்திருக்கலாம் என்றுதானே உரைகாரர் சிலர் கூறுகின்றனர்? அந்த நோயோடு இம்மனிதர் என்ன செய்தார் என்பதே நம் வினா.

இங்கேதான் தமிழாசிரியர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டிய செய்தி வருகின்றது. பவுலுக்குக் கிடைத்த விடை பன்யனின் நெஞ்சிலும் ஒருநாள் ஒலித்தது. அருள் போதும் என்றது. கேட்ட அளவில் பன்யன் ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் அவர் இலக்கண ஆசிரியரைப்போல் வாக்கியத்தைப் பகுத்து நோக்கினார். போதும் என்று வந்ததே, யாருக்குப் போதும்? பவுலின் மடலில் அங்கே ‘உனக்கு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரு சொற்கள் உண்டு. தம் நெஞ்சில் ஒலித்த வாக்கியத்தில் அவை விடுபட்டிருந்தன. உலகுக்குப் போதும், பவுலுக்குப் போதும், எனக்கு? அவ்விரு சொற்களுக்காக அவர் கிட்டத்தட்ட ஏழெட்டு வாரங்கள் வேண்டினார். ஒரே நாளில் இருபது முறை ஆறுதலும் இருபது முறை கலக்கமுமாக அல்லாடியதாகக் குறிப்பிடுகின்றார். பின்னர் ஒருநாள், சபையார் கூடியிருந்த இடத்தில், துயரமும் அச்சமும் நிறைந்தவராய் அமர்ந்திருந்தபோது, விடுபட்ட சொற்களோடு முழு வாக்கியமும் அடுத்தடுத்து மும்முறை அவருள் ஒலித்தது. ஒவ்வொரு சொல்லும் தமக்கு வலிமை மிக்க சொல்லாக இருந்தது என்கின்றார்.

நம் மொழியில் ‘உனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை உருபேற்ற ஒரு சொல். வகுப்பில் அதனை ஒரு நிமிடத்தில் கற்பித்துவிடுகின்றோம். கொடைப்பொருள் முதலியவற்றில் வரும் ‘கு’ உருபு என்போம். ‘இரவலர்க்குப் பொன் கொடுத்தான்’ என்று எடுத்துக்காட்டுத் தருவோம். ஒரு பாத்திரத் தொழிலாளி அவ்வுருபுக்காக வாரக்கணக்கில் கண்ணீர் வடித்திருக்கின்றார். பொதுவாக நிலவும் ஒரு கொள்கை தனக்கென்று ஆவது அச்சொல்லிலேதான் என்பதை எந்த இறையியல் அறிஞரைக் காட்டிலும் அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

இந்நாள்களில் அவர் கைக்குக் கிடைத்த பழம்புத்தகம் ஒன்றையும் சொல்லவேண்டும். கலாத்தியர் மடலுக்கு மார்ட்டின் லூதர் எழுதிய விரிவுரை அது. தொட்டால் தாள்தாளாக உதிரும் நிலையில் இருந்ததாம். நூறாண்டுகளுக்கு முன் வேற்று நாட்டில் வாழ்ந்த ஒருவர் தம் நெஞ்சைத் திறந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது என்று பன்யன் வியக்கின்றார். வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அந்நூலையே மதித்தார். புண்பட்ட நெஞ்சுக்கு மற்றொரு புண்பட்ட நெஞ்சின் எழுத்தே மருந்தாயிற்று.

இனிச் சிறைக்கு வருவோம். 1658-இல் முதல் மனைவி நான்கு குழந்தைகளை விட்டு இறந்தார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்பவரைப் பன்யன் மணந்தார். அதற்குள் அவர் பேர்பெற்ற பிரசங்கியாகிவிட்டார். 1660-இல் முடியாட்சி மீண்டது. இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அரசின் திருச்சபைக்கு வெளியே கூடி வழிபடுவது குற்றம் என்ற பழைய சட்டம், 1593-இல் முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில் வந்தது, மறுபடி கையில் எடுக்கப்பட்டது. 1660 நவம்பர் 12-ஆம் நாள் சாம்செல் என்னும் சிற்றூரில் பண்ணைவீடு ஒன்றில் பேசவிருந்த பன்யனைக் கைது செய்ய ஆணை பிறந்திருப்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கூட்டத்தைக் கலைத்துவிடலாமா என்று வீட்டார் கேட்டனர். வெளியே சென்று வயலோரம் உலவி எண்ணிப் பார்த்தார். தாம் ஓடிவிட்டால் புதிதாகச் சபைக்கு வந்த எளியோர் என்ன நினைப்பார்கள் என்பதே அவரது கவலை. தம்மினும் பலவீனர் சிலர் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்னும் நினைவே அவரை அங்கு நிறுத்தியது.

செய்தியறிந்தபோது எலிசபெத் கருவுற்றிருந்தார். அதிர்ச்சியால் குறைகாலத்திலேயே நோவு கண்டு, எட்டு நாள் துன்புற்றுப் பெற்ற பிள்ளை இறந்தது. பன்யன் வரலாற்றில் இந்த அம்மையாருக்கு உரிய இடத்தைப் பலர் தருவதில்லை. 1661-இல் அவர் கணவரின் மனுவைக் கையிலேந்தி லண்டன் வரை சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பெட்போர்டில் நீதிபதிகள் கூடியபோது மாத்யூ ஹேல் என்னும் புகழ்பெற்ற நீதிபதியிடம் நேரில் கொடுத்தார். மறுநாள் ட்விஸ்டன் என்னும் மற்றொரு நீதிபதியின் வண்டிக்குள் எறிந்தார். பிறகு பெரியோர் நிறைந்த கூடத்துக்குள்ளேயே புகுந்து வாதாடினார். உன் கணவன் பிரசங்கத்தை விட்டுவிடுவானா என்று கேட்டனர். பேச முடிகின்ற வரையில் விடத் துணியமாட்டார் என்றார். நான்கு குழந்தைகள் இருக்கின்றனர், ஒன்றுக்குக் கண் இல்லை, அயலார் தருமத்தால் உண்கின்றோம் என்று எடுத்துரைத்தார். அவர் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல அவை, மூத்தாள் மக்கள். கணவர் ஏழைத் தொழிலாளி என்பதால் இகழப்படுகின்றார், நீதி கிட்டவில்லை என்று நீதிபதிகளின் முகத்துக்கு நேரே கூறினார். ஹேல் இரங்கினார், சட்டப்படி செல்லக்கூடிய வழிகளைச் சொன்னார், விடுதலை மட்டும் வரவில்லை.

பன்யனின் நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர் யார் என்ற வினாவை நான் விலக்கிச் செல்ல விரும்பவில்லை. பன்யனும் விலக்கவில்லை. மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுப்பது போன்றது என்றும், தம் வீட்டைத் தம் மனைவி மக்கள் தலைமேலேயே இடித்துத் தள்ளுபவனாகத் தம்மைக் கண்டதாகவும் எழுதுகின்றார். கண்ணில்லாத மேரியை எண்ணும்போது நெஞ்சு துண்டு துண்டாக உடைவதுபோல் இருந்ததாம். அவள் பிச்சை எடுப்பாள், அடிபடுவாள், பசியிலும் குளிரிலும் கிடப்பாள், அவள்மேல் காற்றுப்படுவதைக்கூடத் தாங்காத நான் இதைச் செய்கின்றேனே என்று அரற்றுகின்றார். தந்தையற்ற பிள்ளைகளைத் தம்மிடம் விட்டுவிடும்படி கடவுள் கூறுவதாக எரேமியாவின் நூலில் வரும் வாக்கை அவர் பற்றிக்கொண்டார். பற்றிக்கொண்டு சும்மா இருந்தாரா? சிறைக்குள்ளே காலணிக் கயிறுகளுக்கு முனையில் தகடு பொருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டு, நூற்றுக்கணக்கான குரோசு கயிறுகள் செய்து விற்பனைக்கு அனுப்பிக் குடும்பத்துக்கு உதவினார். கடவுளைச் சார்ந்திருத்தல் கைகட்டி அமர்ந்திருத்தல் என்று எண்ணுவோர் இக்கயிறுகளை எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் செய்தது சரிதானா என்பதில் வாசகர்கள் வேறுபடலாம். ஒரு வாக்குறுதிக்கு அப்பால் விடுதலை இருந்தது, மேரியும் இருந்தாள். என் வரையில், இதனை எளிதாகச் சரி என்பாரையும் எளிதாகத் தவறு என்பாரையும் ஒருசேர ஐயுறுகின்றேன்.

சிறைவாழ்வின் தொடக்கத்தில் அவர் சட்டம் அறியாதவர். தூக்கிலிடப்படுவோம் என்றே எண்ணினார். சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. பணியாதவனை நாடு கடத்தலாம், இசைவின்றித் திரும்பினால் தூக்கு. அந்நாளில் தூக்குமேடைக்கு ஏணியில் ஏற்றுவார்கள். பன்யனை வாட்டிய அச்சம் சாவைப் பற்றியது மட்டுமன்று. ஏணியில் கால் வைக்கும்போது முழங்கால் நடுங்குமே, முகம் வெளுக்குமே, தட்டுத்தடுமாறி ஏறுவதைப் பார்த்துப் பகைவர் இவனுடைய கடவுள் இவ்வளவுதானா என்று நகைப்பார்களே என்பது அவர் கலக்கம். வலிமை வேண்டி மன்றாடினார். வேண்டிய ஆறுதல் வரவில்லை. செத்தால் எங்கே போவாய், மோட்சம் உனக்குத்தான் என்பதற்கு என்ன சான்று என்ற குரலே மீண்டும் மீண்டும் கேட்டது. பல வாரங்கள் இந்நிலை.

அதன்பின் அவர் வந்தடைந்த முடிவு கிறிஸ்தவ இலக்கியத்திலேயே அரியதொன்று என்பது என் கருத்து. யோபின் கதையில் சாத்தான் கடவுளிடம், இவன் பயன் கருதாமலா உம்மை வணங்குகின்றான் என்று கேட்கின்றான். அவ்வினாவைப் பன்யன் தமக்கே கேட்டுக்கொண்டார். ஆறுதல் தருவதும் தராதிருப்பதும் கடவுளின் உரிமை. அவர் சொல்லைக் காப்பது தம் கடமை. ஆறுதல் கிட்டினால்தான் நிற்பேன் என்பது வணிகம். ஆகவே அவர் வந்து தாங்கினாலும் தாங்காவிட்டாலும், மோட்சமோ நரகமோ, கண்ணைக் கட்டிக்கொண்டு ஏணியிலிருந்து நித்தியத்துக்குள் குதித்துவிடுவது என்று உறுதி கொண்டார். அவ்வுறுதிக்குப் பின்னரே நெஞ்சில் ஆறுதல் வந்தது. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வலிமை வந்து, அதனால் அவர் துணியவில்லை. நடுக்கத்தோடேயே துணிந்தார், ஆறுதல் பின்னால் வந்து சேர்ந்தது.

ஏணியில் ஏறும் நாள் வரவேயில்லை. சிறைக்காவலர் இரக்கமுள்ளவராதலால் தொடக்கத்தில் சில சமயம் வெளியே சென்றுவரவும் விட்டார். அது வெளிப்பட்டதும் நின்றது. 1672-இல் அரசர் பிறப்பித்த சலுகை ஆணையால் விடுதலை கிடைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், சிறைவாசம் முடியுமுன்னரே, சபையார் அவரைத் தம் போதகராகத் தேர்ந்திருந்தனர்.

உலகப்புகழ் பெற்ற ‘மோட்சப் பிரயாணம்’ 1678-இல் வெளிவந்தது. அழிவின் நகரிலிருந்து புறப்பட்டு விண்ணக நகர் நோக்கி நடக்கும் ஒருவனின் கதை. இருநூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்ட நூல். கதையில் வரும் பெயர்களை என் போக்கில் தமிழாக்கித் தருகின்றேன். பயணி ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் தன் தோழனோடு அகப்படுகின்றான். புதனன்று அடைபட்டவர்கள் சனிக்கிழமை இரவு வரை சோறும் நீருமின்றிக் கிடக்கின்றனர். கத்தி, கயிறு, நஞ்சு, விரும்பியதைக் கொண்டு செத்துப்போங்கள் என்று அரக்கன் அறிவுரை கூறுகின்றான். பயணி அதற்கு இசையும் அளவுக்கு வந்துவிடுகின்றான், தோழன்தான் தடுக்கின்றான். நள்ளிரவு முதல் விடியும் வரை வேண்டுதல் செய்தபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இத்தனை நாளும் இருந்தது பயணிக்கு நினைவு வருகின்றது. கதவுகள் திறக்கின்றன. ஆனால் கடைசி இரும்பு வாயிலின் பூட்டு மிகக் கடினமாகத் திரும்பிற்று என்று பன்யன் ஒரு வரி சேர்க்கின்றார். இரும்பைத் தட்டிப் பிழைத்தவரும் பூட்டுக்கு உள்ளே பல்லாண்டு இருந்தவருமான ஒருவர்க்கே அந்த வரி தோன்றும்.

இந்நூல் தமிழில் உரைநடையாகவும் வந்தது. காப்பியமாக்கியவர் கிருஷ்ணபிள்ளை. 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்று, 1858-இல் கிறிஸ்தவரானவர். 1894-இல் அச்சேறிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 3,700-க்கு மேற்பட்ட செய்யுள்களால் ஆனது. கம்பனில் தோய்ந்த நடை. இடையிடையே தேவாரப் பதிக அமைப்பில் உருக்கமான பாடல்கள். மூலத்தில் உள்ள உரையாடல்கள் பல இடங்களில் தமிழில் கண்ணீரும் வேண்டுதலுமாக மாறிவிடுகின்றன. இதற்குக் காரணம் தேட நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று தாளில் விழும் சரணாகதி வைணவர்க்குப் புதிதன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் காட்டி வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகள் வாதிட்ட நிலம் இது. பன்யனின் ஏணியை அவ்வுவமைகளில் எதனோடு வைப்பது? பிடிப்பாரோ பிடிக்கமாட்டாரோ என்று தெரியாமலே கையை விட்டுவிடும் குட்டியை அவ்விரு சாராரும் பேசியதாக நான் அறியேன்.

கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்டது பன்யனின் முதற்பாகம். 1684-இல் பன்யன் இரண்டாம் பாகம் ஒன்றும் எழுதினார். அதனைப் படிப்போர் குறைவு; நம் பொருளுக்கோ அதுவே முதன்மையானது. முதற்பாகத்தில் ஒருவன் ஓடுகின்றான். இரண்டாம் பாகத்தில் ஒரு கூட்டம் மெல்ல நடக்கின்றது; அவன் மனைவி, பிள்ளைகள், வழியில் சேர்ந்துகொண்ட நொண்டிகள், நோயாளிகள். அவர்களுக்கு வழித்துணை பெருநெஞ்சர் என்னும் வீரர். தளர்மனத்தார் என்பவர் உங்கள் வேகத்துக்கு என்னால் வரமுடியாது, நீங்கள் போங்கள் என்று பின்தங்குகின்றார். பலவீனரைத் தாங்கவே தமக்கு ஆணை என்றும், அவருக்காகக் காத்திருப்போம் என்றும் பெருநெஞ்சர் கூறுகின்றார். அந்நேரம் நொண்டிநடப்பார் ஊன்றுகோல்களோடு வந்து சேர்கின்றார். தளர்மனத்தாருக்கு ஒத்த துணை கிடைத்துவிடுகின்றது. வகுப்பின் நடையைக் கடைசி வாங்குப் பிள்ளையை வைத்து அமைக்கவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சொல்லுதல் யார்க்கும் எளிது. நாற்பது நிமிடப் பாடத்தில் நாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். பன்யன் ஒரு முழு நூலின் நடையையே அவ்வாறு அமைத்திருக்கின்றார்.

ஐயக் கோட்டை இடிக்கப்படும் இடமும் இப்பாகத்திலேதான். இடிபாட்டிலிருந்து சோர்வுடையார் என்னும் கிழவரும் அவர் மகள் பேரச்சத்தாளும் உயிரோடு மீட்கப்படுகின்றனர். மகிழ்ச்சியில் இசை முழங்குகின்றது. நொண்டிநடப்பார் ஆடவேண்டும் என்கின்றார்; ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் பேரச்சத்தாளின் கையுமாகப் பாதையிலேயே ஆடுகின்றார். ஊன்றுகோல் இல்லாமல் அவரால் ஆட முடியாதுதான். ஆயினும் நன்றாகவே அடியெடுத்து வைத்தார் என்று பன்யன் சான்று கூறுகின்றார்.

இவர்களுக்கு முன்பே அவ்வழி சென்ற அச்சத்தார் என்பவரின் கதையைப் பெருநெஞ்சர் நினைவுகூர்கின்றார். அம்மனிதர் சேற்றைக் கடக்க அஞ்சி ஒரு மாதத்துக்கு மேல் கரையிலே கிடந்து அழுதவர். அந்தச் சேற்றைத் தம் மனத்துக்குள்ளேயே எங்கும் சுமந்து திரிந்தவர். வியப்பு என்னவென்றால் செங்குத்து மலைக்கோ சிங்கங்களுக்கோ அவர் அஞ்சவில்லை. கடைசியில் என்னை ஏற்பார்களா என்பது ஒன்றே அவர் அச்சம். தாழ்மைப் பள்ளத்தாக்கில் மட்டும் அவர் மகிழ்ந்திருந்தார். தரையில் படுத்து மண்ணைத் தழுவிப் பூக்களை முத்தமிட்டார். இந்த அச்சத்தார் யார் என்பது தன்வரலாற்றைப் படித்தவர்க்குத் தெரியாமற்போகாது.

1688-இல் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இருந்த பிணக்கைத் தீர்க்க ரெடிங் என்னும் ஊர் சென்ற பன்யன், திரும்பி லண்டனுக்கு வரும் வழியில் மழையில் நனைந்து காய்ச்சலுற்று, ஆகஸ்டு 31-ஆம் நாள் நண்பர் ஒருவர் வீட்டில் இறந்தார். அவர் கதையில் மரணம் ஓர் ஆறு; பாலம் இல்லை. அரசரிடம் வைக்கும் நம்பிக்கைக்கு ஏற்ப அதன் ஆழம் கூடவும் குறையவும் செய்யும். முதற்பாகத்துப் பயணி அதில் மூழ்கித் தவித்தான். தோழன் தலையைத் தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. நொண்டிநடப்பார் கரையிலே ஊன்றுகோல்களை விட்டுச் சென்றார். பேரச்சத்தாள் பாடிக்கொண்டே இறங்கினாள். அவள் பாடியது என்னவென்று கரையில் நின்ற எவருக்கும் விளங்கவில்லை. அச்சத்தார் தாம் மூழ்கியே போவோம் என்று கதறிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார். அன்றைக்கு ஆற்றில் நீர் முன் என்றும் கண்டிராத அளவுக்கு வற்றியிருந்தது. பாதம் நனைவதற்குச் சற்று மேலாக, அவ்வளவே.